பாப்பாவின் வலது முழங்கை

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். என் கட்டை விரலுக்கு அடியில் வழுக்கி அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. எலும்பு இப்படி நகராது. நரம்பு இப்படி உருளாது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். பக்கத்தில் கிண்ணத்தில் வெதுவெதுப்பாக நல்லெண்ணெய். வாசலில் காலையில் பொங்கல் வைத்த மூன்று செங்கலும் இன்னும் சூடு ஆறவில்லை. அண்ணன் மகள் தரையில் உட்கார்ந்து, வலது கையை என் மடியில் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சித்தப்பா?" என்றாள். கண் டிவியில்தான் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றேன். மறுபடி எண்ணெய் தொட்டேன். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி நீவினேன்.

துறைமுகத்தில் எனக்கு இருபது வருட வேலை. கன்டெய்னரின் நாலு மூலையிலும் இரும்பு லாக் மாட்டியிருக்கும். கப்பலிலிருந்து இறக்கும்போது அது கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே அடியில் கை விட்டு அந்த லாக்கைக் கழற்றிப் பெட்டியில் போடுவது என் வேலை. தலைக்குப் பக்கத்தில் முப்பது டன் ஆடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கூட நின்றவருக்கு இரண்டு விரல் போனதைப் பார்த்தேன். அன்றைக்கும் ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். என்னைப் பயந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. பொங்கலன்று பயந்தேன். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நான் காலால் பிறந்தவன். தலை வர வேண்டிய இடத்தில் கால் வந்துவிட்டது என்று அம்மா சொல்லும். அப்படிப் பிறந்தவன் தொட்டால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஹவுசிங் போர்டு படிக்கட்டில் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். கூடை தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்ட மீன்காரம்மா, இடுப்பு பிடித்த லாரி கிளீனர், கால் மடங்கின பிள்ளைகள். முதுகுப் பிடிப்பு என்றால் குப்புறப் படுக்க வைத்து குதிகாலால் மிதிப்பேன். கை, கழுத்து என்றால் எண்ணெய் போட்டு நீவுவேன். மூன்றாவது நாள் ஒரு சொடுக்கு. காசு வாங்கக் கூடாது, வாங்கினால் கைராசி போய்விடும் என்பார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். நம்பினேனா என்று கேட்டால், பத்துப் பேர் வந்து எட்டுப் பேர் நடந்து போனால் யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். மீதி இரண்டு பேரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அண்ணன் டிரெய்லர் ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான். அண்ணி காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறவர். ஐஸ் தண்ணீரில் நின்று நின்று விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். அதனால் பாப்பா வளர்ந்ததை அதிகம் பார்த்தது நான்தான். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. பதினேழு வயதில் என் தோளைத் தாண்டி வளர்ந்த பிறகும் பாப்பாதான்.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் லைன் ஓரம் இருக்கிற சந்தில் பையன்கள் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்களோடு இவளும் ஆடுவாள். பேட் பிடித்தால் நன்றாக அடிப்பாள். அதனால் சேர்த்துக்கொண்டார்கள். பந்து போட மட்டும் விட மாட்டார்கள். கையை நேராகச் சுழற்ற அவளுக்கு வரவில்லை. மடக்கி எறிவாள், மாமரத்தில் கல் விடுகிற மாதிரி. "ஏய் மாங்கா! மாங்கா போடறாடா இவ!" என்று சந்தே கத்தும். எறிந்த பந்து ஸ்டம்பாக வைத்த ஆயில் டின்னில் பட்டு டின் ஒடுங்கும். அது கணக்கில் வராது. "ஒடுங்குனா இன்னா? நோபால் நோபால்தான்" என்பான் ஒருத்தன். இவள் டின்னை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் அதே மாதிரி எறிவாள்.

அவள் படித்த பள்ளிக்கூடம் தண்டையார்பேட்டையில். அங்கே இருந்த பி.டி. மாஸ்டர் தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் சைக்கிளில் போவார். ஒருநாள் இறங்கி நின்று பார்த்தார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தார். "மாமு, உங்க பொண்ணு பண்றது தப்பே இல்ல. அவ தப்பான ஆட்டத்துல கீறா, அவ்ளோதான். எறியறதே ஆட்டம்னு ஒண்ணு கீது. பேஸ்பால்" என்றார். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறுபது அடி தள்ளி நின்று ஒருத்தர் எறிய வேண்டும், எதிரே ஒருத்தர் தடியால் அடிக்க வேண்டும், அடிக்கிறவருக்குப் பின்னால் ஒருத்தர் குந்திக்கொண்டு பந்தைப் பிடிக்க வேண்டும் என்று விளக்கினார். ஸ்கூல் டீமுக்கு அந்தப் பிடிக்கிற ஆள்தான் கிடைக்கவில்லை. இவள் எறிகிற பந்தைப் பிடித்த இரண்டு பெண்களுக்கும் விரல் வீங்கிவிட்டது. மாஸ்டர் என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "லாக் கழட்டற கை. நீதான் மாமு" என்றார்.

அப்படித்தான் நாற்பத்திரண்டு வயதில் நான் பந்து பிடிக்க உட்கார்ந்தேன். பகல் ஷிப்டுக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு ஸ்கூல் கிரவுண்டில். மாஸ்டர் எங்கிருந்தோ ஒரு பழைய தோல் கிளவ் கொண்டுவந்தார். தையல் விட்டிருந்தது. மீன் வலை நூலால் தைத்துக்கொண்டேன். முதல் மாதம் முட்டி எரிந்தது. அப்புறம் உட்காரப் பழகிவிட்டது. பந்து பிடிக்கிறவனுக்கு ஒரு விஷயம் உண்டு. எறிகிறவள் எதுவும் பேச வேண்டாம், உள்ளங்கை சொல்லிவிடும். நன்றாகத் தூங்கினாளா, பள்ளிக்கூடத்தில் சண்டையா, அம்மாவோடு கோபமா என்று. கோபம் இருந்தால் பந்து கீழே வரும், கனமாக வரும். சந்தோஷமாக இருந்தால் நடுக் கிளவில் வந்து விழும். அந்தச் சத்தத்துக்குச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கா எழுந்துவிடும். அவள் சிரிப்பாள். "இன்னா சித்தப்பா, உயிரோட கீறியா?" என்பாள். நான் பந்தைத் திருப்பிப் போடுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அடிப்பதிலும் அவள் பேர் வாங்கினாள். இந்த ஆட்டத்தில் எறிகிறவர்கள் எறிவதோடு சரி, அடிக்கிறவர்கள் அடிப்பதோடு சரி என்று மாஸ்டர் சொன்னார். இரண்டும் செய்கிறவர்கள் எங்கோ ஒருத்தர். அந்த ஒருத்தரைத் தேடித்தான் வெளியூர்க் காலேஜ் ஒன்றிலிருந்து ஒரு கோச் அம்மா வந்தார். தெற்கத்திக்காரர். ஒல்லியாக, தலையில் ஒரு தொப்பி, கையில் சின்ன நோட்டு. இரண்டு வருடத்தில் மூன்று தடவை வந்தார். முதல் தடவை வந்தபோது பாப்பா எறிவதைப் பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தார். கிரவுண்டின் அந்த முனைக்கு நடந்து போய் வரச் சொன்னார். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஒரு ஸ்கேல் வைத்து அளந்தார். அண்ணியைக் கூப்பிட்டு, "நீங்க எவ்வளவு உயரம்? அவங்க அப்பா?" என்று கேட்டார். "பொண்ணு பாக்க வந்த மாதிரி கீது" என்று அண்ணி என் காதில் சொன்னார்.

அடுத்த வருடம் வந்தபோது பழைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். மூன்று விரல் அளவு உயர்ந்திருக்கிறாள், தோள் விரிந்திருக்கிறது, இடுப்பு இன்னும் சரியாகத் திரும்பவில்லை என்று எழுதினார். போகும்போது என்னிடம் தனியாகப் பேசினார். "அண்ணே, ஒரு நாளைக்கு ஐம்பது பந்துக்கு மேல எறிய விடாதீங்க. ரெண்டு வேலையும் ஒரே கைதான் செய்யுது. வளர்ற புள்ள. எண்ணிக்கிடுங்க." எண்ணுகிறேன் என்றேன். எண்ணவும் செய்தேன். அதில்தான் என் தப்பு இருந்தது. துறைமுகத்தில் பெட்டிக்குள் விழுந்த லாக்குக்குத்தான் கணக்கு. கை நழுவித் தண்ணீரில் விழுந்ததை எவனும் எண்ண மாட்டான். அந்தப் பழக்கம். கிளவுக்குள் வந்து விழுந்த பந்தை மட்டும் எண்ணினேன். தலைக்கு மேல் போனது, தரையில் குத்தியது, சுவரில் அடித்தது எதையும் எண்ணவில்லை. என் ஐம்பது உண்மையில் எண்பதோ தொண்ணூறோ. அது எனக்குப் புரிந்தது எல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரி வராண்டாவில்.

மூன்றாவது தடவை சித்திரையில் வருவேன், அன்றைக்குப் பார்த்துவிட்டு முடிவு சொல்வேன் என்று கோச் அம்மா சொல்லிவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டால் மூன்று வருடம் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் காலேஜ் பார்த்துக்கொள்ளும். இல்லை என்றால் பிளஸ் டூ முடித்ததும் அண்ணியோடு ஐஸ் தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணி மட்டும் ஒரு தடவை தன் விரலைப் பாப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தீபாவளி முடிந்து மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் பாப்பா கையை நீட்டிக்கொண்டு வந்தாள். "சித்தப்பா, சுளுக்கிகிச்சி. வழிச்சி வுடேன்." முழங்கையின் வெளிப்பக்கம். தொட்டேன், சூடாக இருந்தது. வீக்கம் பெரிதாக இல்லை. மூன்று நாள் நீவினேன், சொடுக்கினேன். சரியாகிவிட்டது என்றாள். அடுத்த வாரம் மறுபடி வந்தாள். அதற்கடுத்த வாரமும். பிறகு தினமும். ஊருக்கெல்லாம் மூன்று நாளில் விடுகிற சுளுக்கு இவளுக்கு மட்டும் ஏன் விடவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கைராசி என்று ஒன்று இருந்தால் சொந்தப் பிள்ளைக்கு இல்லாமலா போகும் என்று இன்னும் அழுத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டிவி பார்ப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் பொங்கலன்று அந்தக் கொட்டை விரலில் தட்டுப்பட்டது.

அன்றைக்கே அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் எறியாதே என்பார். சித்திரையில் கோச் அம்மா வரும்போது பாப்பா திண்டாடி நிற்பாள். இப்படி ஒரு பக்கம் நினைப்பேன். இன்னொரு பக்கம், அது உள்ளே எங்கே போகும், எதில் போய்ச் சிக்கும், ஒருநாள் எறியும்போதே கை அறுந்து தொங்குமோ என்று இருக்கும். வேலையில் நிற்கும்போது கன்டெய்னர் தலைமேல் ஆடும். எனக்கு அது தெரியாது. கட்டை விரலுக்கு அடியில் அது வழுக்குவதுதான் தெரியும். இரண்டு தடவை ஃபோர்மேன் கத்தினார். "யோவ், எங்கய்யா பாத்துகினு கீற? மேல பாரு!" காலையில் கிரவுண்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பந்தும் அவள் கையிலிருந்து கிளம்பி என் கைக்கு வந்து சேருகிற வரை மூச்சு விட மாட்டேன். பந்து வேகம் குறையவில்லை. ஆனால் முன்பு நடுவில் விழுந்தது இப்போது மேலே, இடது பக்கம் விழ ஆரம்பித்தது. உள்ளங்கை சொல்லிவிட்டது. நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

மாசியில் ஒருநாள் அவள் சாப்பிடும்போது பார்த்தேன். கை வாய்க்குப் போகிறது. திரும்பத் தட்டுக்கு வரும்போது பாதியில் நின்றது. இடது கையால் முழங்கையைத் தட்டினாள். கை இறங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

சித்திரையில் கோச் அம்மா வந்த காலையில் காற்றே இல்லை. எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிற நிலக்கரித் தூசி கிரவுண்டில் அப்படியே நின்றது. முதலில் அடிக்கச் சொன்னார். மாஸ்டர் பந்து போட்டார். ஏழாவது பந்து சுவரைத் தாண்டி ரயில்வே யார்டுக்குள் விழுந்தது. "போச்சு, அது கும்மிடிப்பூண்டி போய்தான் எறங்கும்!" என்று மாஸ்டர் கத்தினார். கோச் அம்மா நோட்டில் எழுதும்போது அவருடைய வாய் லேசாகச் சிரித்தது. அண்ணி அன்று லீவு போட்டுவிட்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். கையில் தண்ணீர் பாட்டில். அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் எறியச் சொன்னார். நான் குந்தினேன். முதல் பத்துப் பந்து நன்றாக வந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. உயிரைக் கொடுத்து எறிகிறாள் என்று தெரிந்தது. பதினோராவது பந்துக்குப் பிறகு பாப்பா கோச் அம்மாவுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்தாள். கோச் அம்மா பக்கவாட்டில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். மாஸ்டர் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கு நேராக உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். அவள் லேஸைத் தொடவே இல்லை. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து முட்டியில் வைத்து அழுத்தினாள். தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. நிமிர்ந்தாள். முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை. எனக்குத் தலையாட்டினாள். ரெடி என்று.

நான் கிளவைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"சித்தப்பா" என்றாள். நான் எழுந்து நின்றேன். "இன்னா மாமு, இன்னா ஆச்சு?" என்று மாஸ்டர் ஓடி வந்தார். "போதும்" என்றேன். "இன்னா போதும்? இப்பத்தான பதினோரு பால் ஆச்சு?" "அவ கை சரியில்ல மாஸ்டர்."

பாப்பா அங்கிருந்தே கத்தினாள். "பொய் சொல்றான் மேடம்! எனக்கு ஒண்ணும் இல்ல. அவனுக்குக் கண்ணு தெரியல, பந்து புடிக்க முடியல, அதான்!" என்னை அவள் அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணி பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "இன்னா தம்பி இது? இன்னைக்குப் பாத்தா? இன்னைக்குப் பாத்து இப்டிப் பண்ற?" என்று என் சட்டையைப் பிடித்தார். கிளவை எடுத்துக்கொள் என்று மாஸ்டர் காலால் என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. அந்தப் பந்தைப் பிடிக்க அங்கே வேறு ஆள் கிடையாது.

கோச் அம்மா மட்டும் அவசரப்படவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தார். நடந்து போய்ப் பாப்பாவின் முன்னால் நின்று, "ரெண்டு கையையும் முன்னால நீட்டும்மா" என்றார். பாப்பா கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். கோச் அம்மா அப்படியே நின்றார். யார்டில் ஒரு கூட்ஸ் முழுசாகப் போய் முடிகிற வரை நின்றார். கடைசியில் பாப்பா நீட்டினாள். இடது கை நேராக இருந்தது. வலது கை நீளவில்லை, நாலு விரல் அளவுக்குக் குறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நீட்டப் பார்த்தாள், வரவில்லை.

"எத்தன நாளா?"

"இன்னைக்குத்தான் மேடம். இப்பத்தான்."

கோச் அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே?" என்றார். அண்ணி பார்க்கிறார், மாஸ்டர் பார்க்கிறார். நாலு மாதமாகத் தெரியும் என்று சொல்ல வாய் எடுத்தேன். "இன்னைக்குத்தான் பாத்தேன்" என்று வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பையன். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பேனாவால் காட்டினார். முழங்கை எலும்பின் முனையில் ஒரு சில்லு பெயர்ந்து மூட்டுக்குள் விழுந்திருக்கிறது. வளர்கிற வயதில் அளவுக்கு மேல் எறிந்தால் வரும். "இது இன்னைக்கு நடந்தது இல்லம்மா. ஆறு மாசமாவது இருக்கும். சில்லு பேர்றதுக்கு முன்னாடியே வந்திருந்தா எறியாம வெச்சே ஆறியிருக்கலாம். இப்ப ஆபரேஷன்தான்." பிறகு முழங்கையைத் தொட்டுப் பார்த்து, "யாராவது நீவுனீங்களா?" என்று கேட்டார். அண்ணி என்னைக் காட்டினார். அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "எங்க கொழுந்தனாரு டாக்டர். காலால பொறந்தவரு. ஊரே இவருகிட்டதான் வரும்." டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. என் கையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சீட்டில் எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை.

சில்லு பெயர்ந்தது எறிந்ததாலா, நான் மூன்றாவது நாள் மூன்றாவது நாள் சொடுக்கினதாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நினைத்தேன். டாக்டர் வெளியே வந்தபோது கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் அந்த வராண்டாவில் நின்றேன். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து பாப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தார். "ஆறு மாசம் மறச்சிருக்கா பாரு, இந்தக் கழுத. ஒரு வார்த்த, உன்கிட்டயாவது சொன்னாளா தம்பி?" நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். இல்லை என்று.

பாப்பா என்னோடு பேசவில்லை. கட்டு பிரித்த பிறகும் பேசவில்லை. தட்டை வைப்பாள், துணியை மடித்து வைப்பாள், பேச மாட்டாள். அந்தக் கோபம் எனக்கு ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. பேசினால் கேட்பாளே என்ற பயம். ஆடி மாதம் கோச் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எறிகிறவளாக எடுக்க முடியாது, அடிக்கிறவளாக எடுத்துக்கொள்கிறேன், ஒரு வருடத்துக்குப் பந்தைத் தூக்கி எறியவே கூடாது என்றார். அண்ணி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். பாப்பா பெட்டி கட்டினாள். கிளம்புகிற அன்றைக்கு ராத்திரி ரயில் ஏற்றிவிடப் போனபோது, ஜன்னலுக்குள்ளிருந்து, "வரேன் சித்தப்பா" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை. வந்தவர்களிடமெல்லாம் கையில் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மீன்காரம்மாவுக்கு மட்டும் கோபம். "இன்னா நைனா, பெரிய மனுசன் ஆய்ட்டியா? என் கழுத்த எவன் பாப்பான்?" என்று ரோட்டில் நிறுத்திக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போம்மா என்றேன். ஒரு நாள் சம்பளத்தை நீ தருவியா என்றது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. பாப்பா இப்போது அந்தக் காலேஜ் டீமில் முதல் பேஸில் நிற்கிறாள். மற்றவர்கள் எறிவதைப் பிடிக்கிற இடம் அது, அதிகம் எறிய வேண்டியதில்லை. அடித்துப் பேர் வாங்கியிருக்கிறாள். வலது கை முழுசாக நீளாது, ஒரு விரல் அளவு குறையும், பழகிவிட்டது என்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்தவளைக் கூப்பிடப் போனேன். பாரிமுனையில் பஸ் மாறினோம். ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். ராயபுரம் தாண்டுகிற வரை ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் என்ஜினை அணைத்தார். அப்போது வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சித்தப்பா, உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பொங்கல்லேர்ந்து" என்றேன்.

அவள் திரும்பவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். தை, மாசி, பங்குனி, சித்திரை. முன் சீட்டில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

"நான் கத்துவேன்னு பயந்தியா?"

"காலேஜ் சீட்டு பூடும்னு பயந்தேன்."

"எனக்கும் அதான்" என்றாள். பிறகு சொன்னாள். "எனக்குச் சொல்ற தகிரியம் இல்ல சித்தப்பா. அம்மா கைய பாத்தா வாயே வராது. அதான் தெனமும் உன்கிட்ட வந்து நீட்டுனேன். உன் கை தொட்டா தெரிஞ்சிடும், நீ போதும்னு சொல்லிடுவேன்னு பாத்துகினே இருந்தேன். நீ எண்ணெய் தொட்டுத் தொட்டுத் தடவிகினே கீற."

சொல்லும்போது சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், என்னைக் கிண்டல் செய்கிற மாதிரி. எனக்கு அந்த பஸ்ஸில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என் கை இரண்டும் மடியில் கிடந்தது. அவள் அந்த நாலு மாதமும் என்ன பயத்தோடு கையை நீட்டியிருப்பாள் என்று அதுவரை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. என் பயத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி கிளம்பியது. தண்டையார்பேட்டையில் இறங்கும்போது அவளுடைய பெரிய பையை வாங்கப் போனேன். தரவில்லை. "வுடு, நான் தூக்கறேன்" என்று வலது கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முன்னால் நடந்தாள். பை கனமாக இருந்தது. தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் இரண்டடி பின்னால், அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு போனேன். "வலிச்சா சொல்லுடி" என்றேன்.

"நீயும் சொல்லு" என்றாள்.